பட்டியல் தந்த ஆசனம்

2018 பெப்ரவரி 10ஆம் திகதி யாழ்ப்பாண மாவட்டத்து உரும்பிராய் மக்கள் வலிகாமம் கிழக்குப் பிரதேச சபைக்கு வாக்களித்தபோது, நாட்டின் மற்றெல்லா உள்ளூராட்சி சபைகளையும் போல அந்தச் சபையும் ஒரு புதிய கட்டளையின் கீழ் அமையவிருந்தது. உறுப்பினர்களில் 25 வீதம் பெண்களாக இருக்கவேண்டும் என்பதே அது. 2016ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அதற்கு வழி திறந்தது. 2017ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அதை எப்படி நிரப்புவது என்று வகுத்தது. அதுவரை உள்ளூராட்சி சபைகளில் பெண்கள் 2 வீதத்தைக்கூட எட்டியிருக்கவில்லை. அந்த ஒரு தேர்தலோடு அவர்களின் பங்கு ஐந்திலொன்றைத் தாண்டிற்று. ஏறத்தாழ 2,000 பெண்கள் ஒரே தடவையில் சபைகளுக்குள் வந்தார்கள்.

இதை நான் சிறிய காரியமாக எண்ணவில்லை. 1931இல் சர்வசன வாக்குரிமை பெற்ற நாடு இது. உலகின் முதல் பெண் பிரதமரை 1960இல் தந்த நாடும் இதுதான். ஆனால் அதற்குப் பிந்திய அறுபது ஆண்டுகளில் எந்தப் பாராளுமன்றத்திலும் பெண்கள் 7 வீதத்தை எட்டவில்லை. உச்சியில் ஒரு பெண் இருப்பதற்கும் ஊர்ச் சபையில் பெண்கள் இருப்பதற்கும் இடையில் தானாக உருவாகும் தொடர்பு எதுவும் இல்லை என்பதற்கு இலங்கையைவிட நல்ல சான்று கிடைக்காது. அதனால்தான் சட்டம் தேவைப்பட்டது. எண்ணிக்கையைச் சட்டத்தால் கொண்டுவரலாம் என்பதையும் அது காட்டிற்று. எண்ணிக்கையோடு அதிகாரமும் வந்ததா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

விடைக்குப் பெண்களின் திறமையையோ அனுபவத்தையோ தேடிப் போவதற்கு முன்னர், ஆசனம் எந்த வழியால் வந்தது என்று பார்க்கவேண்டும். புதிய தேர்தல் முறையில் சபையின் 60 வீத உறுப்பினர்கள் வட்டாரங்களில் நேரடியாக வெல்கிறார்கள். மிச்சம் 40 வீதம் கட்சிகள் பெற்ற வாக்குகளின் விகிதப்படி மேலதிகப் பட்டியலிலிருந்து வருகிறார்கள். வட்டார வேட்பாளர்களில் 10 வீதம் பெண்களாக இருந்தால் போதும் என்கிறது சட்டம். மேலதிகப் பட்டியலில் 50 வீதம் பெண்களாக இருக்கவேண்டும். கட்சிக்காரருக்கு இது எதைச் சொல்லிற்று? வட்டாரம் ஆண்களுக்கு, பட்டியல் பெண்களுக்கு. அப்படித்தான் அவர்கள் அதை வாசித்தார்கள், அப்படித்தான் நடந்தது. நாடு முழுவதும் வட்டாரத்தில் நேரடியாக வென்ற பெண்கள் சிறுபகுதியினர். பெரும்பகுதியினர் பட்டியலால் வந்தவர்கள்.

பட்டியலால் வருவது தாழ்வு என்று நான் சொல்லவில்லை. விகிதாசாரம் நேர்மையான முறை. ஆனால் பட்டியலில் யாரை உறுப்பினராக்குவது என்பதைத் தேர்தல் முடிந்த பின்னர் கட்சிதான் தீர்மானிக்கிறது. உரும்பிராயில் ஒரு வட்டாரத்தில் வென்றவரிடம், எனக்கு இத்தனை பேர் வாக்களித்தார்கள் என்று சொல்ல ஓர் எண் இருக்கிறது. அவருடைய ஒழுங்கையில் மின்குமிழ் எரியாவிட்டால் வீட்டுப் படலையைத் தட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பட்டியலால் வந்தவருக்கு எண்ணும் இல்லை, எல்லையும் இல்லை. பல சபைகள் வீதி, வடிகால், தெருவிளக்கு வேலைகளுக்கான பணத்தை வட்டாரக் கணக்கில் பிரிக்கின்றன. வட்டாரம் இல்லாதவர் அந்தப் பங்கீட்டில் எங்கே நிற்பது? அவரிடம் இருப்பது கட்சிச் செயலாளர் கையொப்பமிட்ட ஒரு கடிதம். கடிதம் தந்தவர் கேட்டால் திருப்பிக் கொடுக்கவேண்டிய பொருளாக அந்த ஆசனம் அவருக்குத் தெரிவதில் வியப்பில்லை.

சட்டத்தில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. 20 வீதத்துக்குக் குறைவான வாக்கும் மூன்றுக்குக் குறைவான ஆசனங்களும் பெற்ற கட்சியோ சுயேச்சைக் குழுவோ பெண்களை நியமிக்கவேண்டிய கடப்பாட்டிலிருந்து விலக்குப் பெறுகிறது. ஒரு கட்சியே பெரும்பான்மை பெறும் இடத்தில் இதனால் பெரிய சேதம் இல்லை. வாக்குகள் பல துண்டுகளாகச் சிதறும் இடத்தில் நிலைமை வேறு. ஓரிரு ஆசனக் கட்சிகள் ஒவ்வொன்றும் ஓர் ஆணை அனுப்பிவிட்டுச் சட்டப்படி சரியாகவே நடந்துகொண்டதாகச் சொல்லலாம். தமிழரசுக் கட்சி, தமிழ்க் காங்கிரஸ், ஈ.பி.டி.பி., தெற்குக் கட்சிகள், சுயேச்சைக் குழுக்கள் என்று பலரும் மோதும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இந்த விலக்கு எத்தனை பெண்களை வாசலில் நிறுத்தும் என்பதைக் கணக்குத் தெரிந்த எவரும் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.

பேருக்கு ஓர் இடம் கொடுத்து வைப்பது மனிதரை என்ன செய்கிறது என்பதை முதலில் விரிவாக ஆராய்ந்தவர்களில் அமெரிக்கச் சமூகவியலாளர் றொசபெத் மொஸ் கான்ரர் முக்கியமானவர். 1977இல் வெளிவந்த அவருடைய நூல் ஒரு பெரிய தொழில் நிறுவனத்தின் விற்பனைப் பிரிவைப் பற்றியது. முந்நூறளவு விற்பனையாளர்களில் இருபதளவு பெண்கள், அவர்களும் பல அலுவலகங்களுக்குச் சிதறி இருந்தார்கள். அவர் கண்டது மூன்று. தனித்து நிற்கிறவர் எப்போதும் கண்ணில் படுகிறார். அவருடைய ஒரு பிழை அவரினத்தின் பிழையாகிறது. பெரும்பான்மையினர் அவர் முன்னால் தங்கள் ஒற்றுமையை மிகைப்படுத்திக் காட்டுகிறார்கள். தாய், மயக்குகிறவள், செல்லப்பிள்ளை, இரும்புப் பெண் என்று முன்பே தைத்து வைத்த சட்டைகளில் ஒன்றை அவருக்குப் போட்டுவிடுகிறார்கள். ஒரு குழுவில் 15 வீதம்வரை உள்ளவர்களின் நிலை இப்படித்தான் என்பது கான்ரரின் கணிப்பு. அதற்கு மேலே போகப்போக அவர்கள் தங்களுக்குள் கூட்டுச் சேர முடிகிறது.

இலங்கையின் 25 வீதம் கான்ரரின் கோட்டைத் தாண்டிவிட்டது. ஆனாலும் 2018க்குப் பின்னர் நாட்டின் பல பாகங்களிலிருந்தும் பெண் உறுப்பினர்கள் சொன்ன குறைகள் அவருடைய பக்கங்களிலிருந்து எழுந்து வந்தவைபோல இருந்தன. பேச எழுந்தால் இடைமறிப்பு, உடையையும் குடும்பத்தையும் பற்றிய கேலி, முடிவுகள் அமர்வுக்கு முன்பே வெளியில் எடுக்கப்பட்டுவிடுதல். மாதாந்த அமர்வில் கை உயர்த்துவதற்கு மட்டும் அவர்கள் தேவைப்பட்டார்கள். டென்மார்க் அரசியல் அறிஞர் துருடே டாலெரப் 1988இல் இதைப் பற்றி எழுதும்போது எண்ணிக்கையிலிருந்து செயலுக்குப் பார்வையைத் திருப்பினார். எத்தனை பேர் என்பதைவிட, இருக்கிறவர்கள் தங்கள் நிலையை மாற்றும் காரியங்களைச் செய்ய முடிகிறதா என்பதே அவருடைய கேள்வி. எங்கள் சபைகளைப் பார்க்கும்போது அவர் கேட்டதே சரியென்று படுகிறது. நாலிலொரு பங்குப் பெண்கள் இருந்தும், அவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியே தங்கள் கட்சித் தலைமைக்குக் கட்டுப்பட்டிருந்தால், சபைக்குள் அவர்கள் கூட்டாக இல்லை. எண்ணிக்கையில் பலர், நிலையில் தனியர்.

வட மாகாண சபையின் கதை இதை இன்னும் துலக்கமாகக் காட்டுகிறது. 2013 செப்டெம்பர் 21ஆம் திகதித் தேர்தலில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 38 ஆசனங்களில் 30ஐப் பெற்றது. அவற்றில் இரண்டு போனஸ் ஆசனங்கள். ஒன்று முஸ்லிம் ஒருவருக்கு, அயூப் அஸ்மினுக்குக் கொடுக்கப்பட்டது. 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் அனைவரும் புலிகளால் வெளியேற்றப்பட்ட வரலாற்றை வைத்துப் பார்க்கையில் அது நல்லெண்ணத்தின் அடையாளம். மற்றதை ஆண்டுக்கு ஒருவராகச் சுழற்சியில் பகிர்வதென்று முடிவாகி, முதலாம் ஆண்டு மேரி கமலா குணசீலன் என்ற பெண்ணுக்குக் கிடைத்தது.

ஓராண்டு ஆசனம் என்றால் என்ன? சபை விதிகளைப் படித்து, எந்தத் திணைக்களத்தில் எந்தக் கோப்பு முடங்குகிறது என்று கண்டுபிடிப்பதற்குள் ஆண்டு முடிந்துவிடும். அடுத்தவர் வந்து முதலிலிருந்து தொடங்கவேண்டும். பகிர்ந்து கொடுப்பது நியாயமாகத் தோன்றலாம். கட்சிக்குள் பலரைத் திருப்திப்படுத்தவும் அது உதவும். ஆனால் வலுவுள்ள ஆசனத்தை எவரும் ஆண்டுக்கு ஒருவராகச் சுற்றுவதில்லை. முதலமைச்சர் பதவியை அப்படிச் சுற்றவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. சுற்றக்கூடியது எது, சுற்றக்கூடாதது எது என்று ஒரு கட்சி பிரிக்கும் கோடு, அது எந்த ஆசனத்தை உண்மையில் மதிக்கிறது என்பதைக் காட்டிவிடுகிறது.

அதே தேர்தலில், உரும்பிராயும் அடங்கும் யாழ்ப்பாண மாவட்டத்தில், அனந்தி சசிதரன் 87,870 விருப்பு வாக்குகள் பெற்றார். 132,255 பெற்று முதலமைச்சரான சி. வி. விக்னேஸ்வரனுக்கு அடுத்த இடம் அவருடையது. போரின் இறுதியில் சரணடைந்து காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பத்தினரில் ஒருவராக அவர் மக்கள் முன் வந்தார். அந்த வாக்குகள் அந்த வேதனைக்கும் துணிவுக்கும் விழுந்தவை. அவரை எவரும் பேருக்கு வைத்ததாகச் சொல்ல முடியாது. ஆனாலும் முதல் அமைச்சரவையின் நான்கு அமைச்சர்களும் ஆண்கள். அனந்தி அமைச்சரானது 2017 நடுப்பகுதியில். சபையின் ஆயுள் 2018 ஒக்டோபரில் முடிந்தது. மக்கள் தந்த பலம் இருந்தும் அமைச்சுக்கு அவர் நான்கு ஆண்டுகளளவு காத்திருந்தார். அந்தப் பலம்கூட இல்லாத போனஸ் உறுப்பினரின் நிலையைப் பற்றி மேலும் சொல்லவேண்டியதில்லை. ஆனால் ஒரு வேறுபாடு முக்கியம். அமைச்சர் பதவி இல்லாத காலத்திலும் அனந்தி தலைமையோடு முரண்பட்டுப் பேசினார். பேச முடிந்தது, ஏனெனில் அவருடைய ஆசனம் தலைமை தந்ததல்ல.

பிரதிநிதித்துவம் என்றதும் யாழ்ப்பாணத்தில் பெண்களைப் பற்றி மட்டும் பேசிவிட்டு நிறுத்துவது நேர்மையாகாது. சாதியின் கதை பழையது, ஆழமானது. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் கட்டாயமாக்கப்பட்டபோது, அதுவரை நிலத்திலோ தாழ்ந்த வாங்கிலோ இருத்தப்பட்ட பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருக்கவிடுவதைப் பொறுக்காதவர்கள் பாடசாலைகளுக்கே நெருப்பு வைத்தார்கள். அந்த வாங்கு பேருக்கானதல்ல என்பது தீ வைத்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அமைப்பின் உள்ளே எதையும் மாற்றாத ஒரு சலுகைக்கு யாரும் பள்ளிக்கூடத்தை எரிப்பதில்லை.

சோல்பரி அரசியலமைப்பில், தேர்தலால் போதிய இடம் கிடைக்காத பிரிவினருக்கென ஆறு நியமன உறுப்பினர்களுக்குப் பாராளுமன்றத்தில் இடமிருந்தது. 1970இல் அவ்வாறு நியமிக்கப்பட்டவர்களில் ஒருவர் எம். சி. சுப்பிரமணியம். நியமனம் என்ற சொல்லை மட்டும் பார்த்தால் இதைவிடப் பேருக்கான ஆசனம் வேறில்லை. ஆட்சிக்கு வந்தவர்கள் விரும்பிக் கொடுத்தது, ஆட்சியோடு போய்விடக்கூடியது. ஆனால் அவருக்குப் பின்னால் 1940களிலிருந்து இயங்கிய, ஒடுக்கப்பட்ட சாதியினரின் அமைப்பான சிறுபான்மைத் தமிழர் மகாசபை இருந்தது. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டத்துக்கு முன்னும் பின்னும் நடந்த நீண்ட வாதங்கள் இருந்தன. வேறு அணியினர் நடத்தியவை என்றாலும், 1966இல் சங்கானையில் தொடங்கிய தீண்டாமை எதிர்ப்பு எழுச்சியும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டமும் அந்தக் காலத்தின் காற்றாக இருந்தன. கொழும்பில் அவர் எழுந்து பேசியபோது ஒரு தனிமனிதர் பேசவில்லை.

பெரிய தமிழ்க் கட்சிகளுக்கு அந்தப் பாடம் மெதுவாகத்தான் ஏறிற்று. 1977இல் தமிழர் விடுதலைக் கூட்டணி உடுப்பிட்டித் தொகுதியில் இராசலிங்கத்தை நிறுத்தியது. அவர் வென்று, வடக்கிலிருந்து வாக்கால் பாராளுமன்றம் சென்ற முதல் ஒடுக்கப்பட்ட சமூகத்தவரானார். முதலாமவர் என்ற பெருமையோடு கூடவே கேட்கவேண்டிய கேள்வி, இரண்டாமவர் எப்போது வந்தார் என்பது. முதலாமவரை நிறுத்திவிட்டு அத்தோடு கடமை முடிந்ததென்று இருந்துவிடுவதுதான் பேருக்கு இடம் கொடுப்பதன் மிகப் பழைய வடிவம். 1983இல் ஆறாவது திருத்தச் சட்டத்தையடுத்துக் கூட்டணியினர் தங்கள் ஆசனங்களை இழந்தபோது அந்த ஆசனமும் போயிற்று. அதன் பின்னர் துவக்குகள் பேசின. எவருடைய ஆசனத்துக்கும் பொருள் இல்லாத ஒரு காலம் வந்தது. அந்தக் காலத்தில் பொது வாழ்வுக்கு வரத் துணிந்த பெண்கள் கொடுத்த விலையையும் மறக்கக்கூடாது. 1998 ஜனவரித் தேர்தலின் பின் யாழ்ப்பாண மாநகர முதல்வரான சரோஜினி யோகேஸ்வரன் அதே ஆண்டு மே 17ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார்.

கடலுக்கு அப்பால் மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளின் கதை தமிழர் எல்லோரும் அறியவேண்டியது. இந்திய அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம் ஊராட்சிகளில் பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் இட ஒதுக்கீட்டைக் கட்டாயமாக்கிற்று. அந்த மூன்று ஊராட்சிகளிலும் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டதும், 1996 தொடக்கம் பத்து ஆண்டுகள் அங்கே ஆதிக்கச் சாதியினர் தேர்தலை முறையாக நடக்கவிடவில்லை. வேட்புமனுத் தாக்கல் செய்ய ஆளில்லாமல் செய்தார்கள். அது முடியாதபோது தாங்களே தங்களுக்கு வேண்டியவர் ஒருவரை நிறுத்தி, வெல்லவைத்து, பதவியேற்ற கையோடு விலகல் கடிதம் வாங்கினார்கள். சட்டம் கேட்டது நிறைவேறிற்று, பதவியும் காலியாயிற்று. 2006 ஒக்டோபரில்தான், மாவட்ட ஆட்சியர் உதயச்சந்திரனின் விடாமுயற்சியோடு, தேர்தல் நடந்து வென்றவர்கள் பதவியில் இருந்தார்கள். இந்தப் பத்தாண்டுகளின் தொடக்கத்தில், 1997 ஜூன் 30ஆம் திகதி, அதே மாவட்டத்து மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் வேறு ஐவரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அவர் பதவியை விட்டு விலகாதவர்.

பாப்பாபட்டியில் நடந்ததைக் கொடுமை என்று நாங்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். எங்கள் உள்ளூராட்சி சபைகளில் பட்டியலால் வந்த உறுப்பினரிடம் ஓராண்டோ இரண்டாண்டோ கழித்து, அடுத்தவருக்கு விட்டுக்கொடுங்கள் என்று கட்சி கேட்பதை அந்த வரிசையில் வைத்துப் பார்க்க எங்களுக்கு மனம் வருவதில்லை. இரண்டும் ஒன்றென்று சொல்லமாட்டேன். அங்கே வெட்டுக்கத்தி, இங்கே கட்சிக் கட்டுப்பாடு. ஆனால் இரண்டு இடங்களிலும் ஆசனத்தின் உரிமையாளர் அதில் இருக்கிறவர் அல்லர்.

வலிகாமம் கிழக்குப் பிரதேச சபைக்குள்ளேயே இதற்கு எதிரான எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது, அதனால்தான் உரும்பிராயை விட்டுத் தூரம் போகாமல் இதைப் பேச முடிகிறது. உரும்பிராயிலிருந்து கோப்பாய், நீர்வேலி தாண்டிப் போனால் புத்தூர். அங்கே கலைமதிக் கிராம மக்கள் தங்கள் குடியிருப்புகளுக்கு நடுவே கிடக்கும் கிந்துசிட்டி மயானத்தில் பிணம் எரிப்பதை நிறுத்தவேண்டும் என்று 2017இல் தொடர் போராட்டம் நடத்தினார்கள். சாதியால் ஒடுக்கப்பட்ட மக்கள் அவர்கள். வாசலுக்குப் பக்கத்தில் எரியும் பிணத்தின் புகையை மூச்சில் வாங்கிக்கொண்டு சமைத்துச் சாப்பிடவேண்டிய பெண்கள் அந்தப் போராட்டத்தின் முன்வரிசையில் இருந்தார்கள். மயானங்கள் பிரதேச சபையின் பொறுப்பு. 2018 தேர்தலில் அந்தப் போராட்டத்தின் பக்கம் நின்றவர்கள் சுயேச்சைக் குழுவாகக் கேத்தல் சின்னத்தில் போட்டியிட்டு அந்தச் சபையின் உறுப்பினர்களானார்கள். பெரிய கட்சி ஒன்று, எங்களிடம் உங்கள் ஆளும் இருக்கிறார் என்று காட்டுவதற்காகப் பட்டியலில் செருகிய பெயர்கள் அல்ல அவை. சபைக்குள் சிறு எண்ணிக்கைதான். ஆனால் எதற்காக வந்தார்கள், யாருக்குக் கணக்குச் சொல்லவேண்டும் என்பதில் அவர்களுக்கு மயக்கம் இருக்கவில்லை. சபைக்குள் தோற்றாலும் திரும்பிப் போவதற்கு ஊர் இருந்தது.

இந்த இடத்தில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஒருவரின் ஆசனம் பேருக்கானதா என்பதைத் தீர்மானிப்பவை மூன்று. அவரை யார் அனுப்பினார்கள், யார் திருப்பி அழைக்க முடியும், அவருடைய கையில் பணமோ குழுவோ பிரதேசமோ ஏதாவது இருக்கிறதா. எண்ணிக்கை இவற்றுக்கு உதவும், இவற்றின் இடத்தை நிரப்பாது.

எண்ணிக்கை எப்போது உதவும் என்பதற்கு மேற்கு வங்காளத்தின் பீர்பூம் மாவட்டத்திலும் இராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டத்திலும் ராகவேந்திர சட்டோபாத்யாயும் எஸ்தர் டுஃப்லோவும் செய்த ஆய்வு நல்ல பதில் தருகிறது. 2004இல் வெளியான அந்த ஆய்வு 265 ஊராட்சிகளைப் பார்த்தது. தலைவர் பதவி பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்ட ஊராட்சிகள் குடிநீருக்குக் கூடுதலாகச் செலவிட்டிருந்தன. தண்ணீர் சுமப்பது பெண்கள், குறை சொல்வதும் பெண்கள், பணம் கையில் வந்ததும் தண்ணீருக்குப் போயிற்று. அங்கே ஒதுக்கப்பட்டது தலைவர் பதவி என்பதைக் கவனிக்கவேண்டும். ஒப்பமிடும் அதிகாரத்தோடு வந்த இடம் அது. அதே பீர்பூமில் பின்னர் லோரி பீமனும் மற்றவர்களும் செய்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், அடுத்தடுத்து இரண்டு தவணை பெண் தலைவர்களைக் கண்ட ஊர்களில், ஒதுக்கீடு நீங்கிய பின்னரும் பெண்கள் கூடுதலாகப் போட்டியிட்டார்கள், கூடுதலாக வென்றார்கள். ஒரு தவணை போதவில்லை. ஊர் ஒருவரைப் பார்த்துப் பழக நேரம் எடுக்கிறது. எங்கள் ஓராண்டுச் சுழற்சி இந்த நேரத்தைத்தான் திருடுகிறது.

உரும்பிராயில் பெண்கள் கையில் பணம் வந்தால் எதற்குப் போகும்? செம்மண் தோட்டங்களில் வெங்காயம் நடுகிறவர்களும் பிடுங்குகிறவர்களும் பெரும்பாலும் பெண்கள், ஆணைவிடக் குறைந்த நாட்கூலிக்கு. கால் முழுவதும் மண்ணோடு நிற்கிற அவர்களுக்குத் தோட்டவெளியில் ஒரு மலசலகூடம் இல்லை. வலிகாமத்தின் சுண்ணக்கல் நிலத்தடி நீரில் இரசாயனப் பசளையின் நைத்திரேற்று கலந்திருப்பதைப் பற்றி ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக எழுதிவருகிறார்கள். சுன்னாகத்தில் கழிவெண்ணெய் கிணறுகளுக்குள் கசிந்த வழக்கில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு விதித்தது. கிணற்று நீரில் பால்மா கரைத்துக் குழந்தைக்குக் கொடுக்கிற தாய்க்கு இது அறிவியல் செய்தி அல்ல, அன்றாடம். பொதுக் கிணறுகளின் நீரை ஆண்டுதோறும் பரிசோதித்து முடிவை வாசிகசாலைச் சுவரில் ஒட்டவேண்டும் என்று ஒரு பிரேரணை கொண்டுவருவதற்குப் பெரிய அதிகாரம் வேண்டாம். அதைக் கேட்க ஒரு சுகாதாரக் குழுவும், செலவுக்குப் பாதீட்டில் ஒரு வரியும் வேண்டும்.

ஆசனம் மட்டுமல்ல, ஆலோசனை கேட்பதும் பேருக்கு நடக்கிறது. ஷெரி ஆர்ன்ஸ்டீன் 1969இல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் உள்ள ஏணியாக வரைந்தார். அதில் தகவல் சொல்லுதல், கருத்துக் கேட்டல், சிலரைக் குழுவில் சேர்த்துச் சமாதானப்படுத்துதல் என்ற நடுப்படிகள் மூன்றையும் பேருக்கான பங்கேற்பு என்றே அவர் வகைப்படுத்தினார். போருக்குப் பின் வடக்கில் இந்த மூன்று படிகளிலும் மக்கள் ஏறி இறங்கிக் களைத்துப்போனார்கள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கப் பெண்கள் எத்தனை மண்டபங்களில் வரவுப் பதிவில் ஒப்பமிட்டு, பதாகைக்குக் கீழே நின்று படம் எடுத்து, தேநீர் குடித்து வீடு திரும்பினார்கள். அறிக்கையில் அவர்கள் பங்குபற்றிய பெண்களின் வீதமாக மாறினார்கள். திட்டம் ஏற்கனவே வகுக்கப்பட்டிருந்தது.

இதன் மிகக் கசப்பான உதாரணம் நாட்டளவிலானது. நல்லிணக்கப் பொறிமுறைகள் பற்றி மக்களின் கருத்தைக் கேட்க 2016 ஜனவரியில் மனோரி முத்தெட்டுவேகம தலைமையில் 11 பேர் கொண்ட செயலணி அமைக்கப்பட்டது. 7,300க்கு மேற்பட்ட கருத்துகள் அதற்குக் கிடைத்தன. வடக்கில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரும் மனைவிமாரும், திரும்பத் திரும்பச் சொல்லிச் சலித்த கதையை மறுபடியும் சொன்னார்கள். ஆனால் அவர்களைப் பற்றிய சட்டம், காணாமற்போனோர் அலுவலகச் சட்டம், அந்தக் கேட்பு முடியுமுன்னரே 2016 ஓகஸ்டில் நிறைவேற்றப்பட்டுவிட்டது. செயலணியின் இறுதி அறிக்கை 2017 ஜனவரியில் வந்தது. அடுத்த மாதமே கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் அந்தத் தாய்மார் தெருவோரத்தில் பந்தல் போட்டு அமர்ந்தார்கள். செயலணியில் இருந்தவர்கள் நேர்மையாக உழைத்தவர்கள், அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. கேட்டவருக்கும் முடிவெடுத்தவருக்கும் இடையே இருந்த மதிலைத்தான் சொல்கிறேன்.

மாற்றுத்திறனாளிகளின் நிலையையும் இதே அளவுகோலால் அளக்கலாம். அரச வேலை வெற்றிடங்களில் 3 வீதம் அவர்களுக்கு என்ற சுற்றறிக்கை 1988இல் வந்தது. பொதுக் கட்டடங்களில் அணுகுவசதி வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. போரில் காலிழந்தவர்கள் இத்தனை பேர் வாழும் மாகாணத்தில், சாய்தளம் போட்டுவிட்டு அதன் முடிவில் ஒரு படியையும் கட்டிவைக்கிற கட்டடங்களை இன்னும் காண்கிறோம். கட்டும் முன்னர் சக்கர நாற்காலியில் வருகிற ஒருவரிடம் வரைபடத்தைக் காட்டியிருந்தால் அந்தப் படி இருந்திராது.

2018இல் அமைந்த சபைகளின் ஆயுள் 2023 மார்ச்சில் முடிந்தது. பணமில்லை என்று தேர்தல் தள்ளிப்போடப்பட்டு, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் செயலாளர்களே சபைகளை நடத்தினார்கள். அந்தத் தள்ளிப்போடல் அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்பளித்தது. 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடந்து, ஜூனில் புதிய சபைகள் கூடின. அதே 10 வீதம், அதே 50 வீதம், அதே விலக்கு. வட்டார வேட்பாளரில் பெண்களின் பங்கை உயர்த்துவதும், சிறு கட்சிகளுக்கான விலக்கை நீக்கி, ஒவ்வொரு சபையிலும் 25 வீதம் நிறையும்வரை பெரிய கட்சி தொடங்கிச் சிறிய கட்சிவரை வரிசையாக நிரப்பச் செய்வதும் பாராளுமன்றத்தின் வேலை.

ஆனால் கொழும்பைப் பார்த்துக் காத்திருக்கத் தேவையில்லாத காரியங்களும் உண்டு. வட்டாரம் இல்லாத ஒவ்வொரு உறுப்பினருக்கும் சபை தன் தீர்மானத்தாலேயே ஒரு வேலைப் பரப்பை ஒதுக்கலாம், ஒருவருக்கு முன்பள்ளிகள், இன்னொருவருக்குச் சந்தைகள், மற்றவருக்குப் பொதுக் கிணறுகள், பாதீட்டில் அதற்குரிய தொகையோடு. சபையின் நிதிக் குழுவிலும் வீதி அபிவிருத்திக் குழுவிலும் பெண்கள் எத்தனை பேர் என்பதை வாசிகசாலைப் பலகையில் போடலாம். சிறுவர், பெண்கள் குழுவின் தலைமையைப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு நிதிக் குழுவை ஆண்களோடு வைத்திருக்கிற வழக்கம் அதோடு வெளிச்சத்துக்கு வரும். ஒவ்வொரு பிரேரணையையும் கொண்டுவந்தவர் பெயரோடும், அது பின்னர் என்னவானது என்ற குறிப்போடும் அறிக்கைப் புத்தகத்தில் எழுதலாம். ஓர் அமர்வில் ஒரு பெண் சொன்ன யோசனை அடுத்த அமர்வில் ஓர் ஆணின் யோசனையாக வந்து நிறைவேறுவது அப்போது கடினமாகும்.

கட்சிகளிடம் கேட்கவேண்டியது ஒன்றே ஒன்று. பட்டியலால் அனுப்பியவரைத் தவணை முழுவதும் இருக்கவிடுங்கள். இதை வேட்புமனுத் தாக்கல் செய்யும்போதே எழுத்தில் தரும்படி உரும்பிராயின் மாதர் சங்கங்களும், தோட்டத்தில் வேலை செய்கிற பெண்களும், கலைமதி மக்களைப் போன்றவர்களும் கேட்கவேண்டும். அடுத்த தவணையில் அதே பெண்ணை ஒரு வட்டாரத்தில் நிறுத்தச் சொல்லியும் கேட்கவேண்டும். 2018இலும் 2025இலும் பட்டியலால் வந்தவர்களில் எத்தனை பேரை அந்தக் கட்சிகள் 2029இல் வட்டார வேட்பாளர்களாக நிறுத்துகின்றன என்று எண்ணிப் பார்க்க எந்த ஆய்வு நிறுவனமும் வேண்டாம். வேட்பாளர் பட்டியல் ஒன்றும், பழைய சபையின் உறுப்பினர் பட்டியல் ஒன்றும் போதும்.